குவாண்டம் ஆராய்ச்சியாளருக்கு வேண்டிய காலம்

புனேயில் பாஷாண் பகுதியிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் 2006-இல் தோன்றியது. டாக்டர் பட்டம் பெற்றபின் குவாண்டம் பௌதிகத்தில் கோட்பாட்டு ஆராய்ச்சியைத் தொடர விழையும் இளைஞர்கள் நாடும் இடங்களுள் இதுவும் ஒன்று. 2023 ஏப்ரலில் மத்திய மந்திரிசபை அங்கீகரித்த தேசியக் குவாண்டம் திட்டத்திற்கு எட்டாண்டுக் காலமும் ரூ. 6,003.65 கோடியும் வகுக்கப்பட்டுள்ளன. தேசிய உபகாரச் சம்பளம் பெறும் இவ்விளைஞருக்கோ இரண்டே ஆண்டுகள்! கோட்பாட்டுத் துறையினருக்குப் பெருங் கருவிகள் வேண்டா; காகிதமும் கணிப்பொறியும் இடையூறற்ற காலமும் போதும். புதிய பிரச்சினையைப் புரிந்துகொள்வதில் முதலாண்டு கழிகிறது. அடுத்த வேலைக்கு விண்ணப்பிப்பதில் இரண்டாமாண்டு தேய்கிறது. ஆகவே விரைவில் விடை கிட்டும் சிறு கணக்குகளையே அவர் நாடுகிறார் (இதனைச் சோம்பல் எனல் தகாது). முதலாண்டின் இறுதியில் பணியைப் பரிசீலித்து, தகுதியுடையோருக்கு நான்காண்டுகள் வரை உறுதியளித்தல் வேண்டும். பரிசோதனைச்சாலை ஒன்றை நிறுவும் செலவை நோக்க, இது சொற்பமே.