இனாமா, கூலியா?

பத்து ரூபாயைப் பற்றி எழுத முற்படுகிறோம். நாட்டிலே பேசுவதற்குப் பெரிய பிரச்சினைகள் எத்தனையோ இருக்க, ஓட்டல் மேசையிலே விட்டுவரும் சில்லறைக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள், விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வாழுகிற ஒரு தொழிலாளியின் சட்டைப் பையை ஒரே ஒரு மாதம் கணக்குப் பார்க்கட்டும். சமையல் எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்தவருக்கு, ரசீதுக்கு மேலே ஒரு தொகை. ரயில் சந்திப்பிலே பெட்டி சுமந்தவருக்கு, கூலிக்கு மேலே ஒரு தொகை. ஓட்டலிலே பரிமாறியவருக்கு ஒரு தொகை. மருத்துவமனையிலே நோயாளியைத் தள்ளிச் சென்றவருக்கு ஒரு தொகை. தீபாவளியும் பொங்கலும் வந்துவிட்டால், வாசலில் வந்து நிற்பவர்களுக்கு ஒரு தொகை.

கொடுப்பவரும் ஏழை, வாங்குபவரும் ஏழை. இருவருக்கும் நடுவிலே நின்று இந்தப் பணத்தால் இலாபம் அடைகிறவன் மட்டும் ஏழையல்ல. அவன் யார் என்பதைக் காட்டவே இதை எழுதுகிறோம்.

"டிப்ஸ்" என்று இன்று நாகரிகமாகச் சொல்லுகிறார்கள். நம் பாட்டன்மார் காலத்திலே அதற்கு இனாம் என்று பெயர். பக்ஷீஸ் என்றும் பெயர். இரண்டும் தர்பார்களிலே வழங்கிய சொற்கள். ஆற்காட்டு நவாபின் அதிகாரத்திலே கிடந்த பூமிதானே இது! ஆள்பவன் மனமிரங்கினால் ஒருவனுக்கு ஊரையே இனாமாக எழுதிவைப்பான். மனம் மாறினால் பிடுங்கிக்கொள்வான். கொடுப்பவன் மேலே இருக்கிறான், வாங்குபவன் கீழே இருக்கிறான். கொடுத்தால் கும்பிட வேண்டும், கொடுக்காவிட்டால் கேட்க முடியாது. இனாம் என்ற சொல்லுக்கு இதுதான் பொருள். 1963ஆம் ஆண்டிலே சட்டங்கள் இயற்றி, நிலத்திலே இருந்த இனாம் முறைக்கு முடிவு கட்டினார்கள். உழைப்பிலே இருக்கும் இனாம் ஒழிந்ததா? கூலியாக வரவேண்டிய காசு, இன்னும் கும்பிட்டு வாங்கும் காசாகத்தானே இருக்கிறது!

முன்னே கேட்பதும் பின்னே கொடுப்பதும்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வேலை முடிந்தபிறகு, கேளாமலே, மனம் உவந்து ஒருவர் கொடுப்பது அன்பளிப்பு. அதை நாம் குறை கூறவில்லை. கொளுத்தும் வெயிலிலே மூட்டை சுமந்து வந்தவருக்கு ஒரு குவளை மோரும் இருபது ரூபாயும் கொடுப்பது மனிதப் பண்பு. ஆனால் வேலை நடக்கும் முன்னே, "கொடுத்தால்தான் நடக்கும்" என்று நிற்பது அன்பளிப்பாகாது. அதற்குத் தமிழிலே கையூட்டு என்று பெயர்.

இந்த வேற்றுமையைப் பெரிய கம்பெனிகளும் அழிக்கப் பார்க்கின்றன. வாடகைக் கார் வருவதற்கு முன்பே "டிப்ஸ் சேர்த்தால் விரைவில் கிடைக்கும்" என்கிற முறையிலே ஊபர் நிறுவனத்தின் செயலி பயணிகளிடம் கேட்டது. 2025 மே மாதத்திலே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு நோட்டீசு அனுப்பியது. நன்றி என்பது வேலைக்குப் பின்னே வருவது. முன்னே வருவது ஏலம்!

பிரசவ வார்டிலே

இந்த அளவுகோலைக் கையிலே எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்குப் போவோம். செஞ்சிப் பக்கத்திலிருந்தும், மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்தும், மரக்காணத்துக் கடலோரத்திலிருந்தும் நம் பெண்கள் அரசு மருத்துவமனையை நம்பித்தான் வருகிறார்கள். தனியார் மருத்துவமனையின் வாசற்படி ஏற அவர்களுக்கு வசதி இல்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் நெடுங்காலமாக எழுந்துவரும் புகார் என்ன? குழந்தையைக் கொண்டுவந்து காட்டவே காசு. ஆண் குழந்தை என்றால் ஒரு விலை, பெண் குழந்தை என்றால் அதிலே குறைந்த விலை! பெண் பிறந்தால் மகிழ்ச்சிக்கே தள்ளுபடி போலும்! ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு, துணி மாற்றக் காசு, பிணவறையிலே உடலைக் கொடுக்கவும் காசு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலே 18,000 ரூபாய் மதிப்புள்ள மகப்பேறு உதவியை அரசாங்கம் ஏழைத் தாய்க்கு வழங்குகிறது. அந்தத் தாய் நல்ல உணவு உண்பதற்காக வரும் பணம் அது. அதிலே ஒரு பங்கு வார்டுக் கதவருகிலேயே கரைந்துபோனால், அதை "சந்தோஷப் பணம்" என்று அழைப்பது யாருடைய சந்தோஷத்திற்காக?

இங்கே நம் தோழர்களுக்கு ஐயம் வேண்டாம். அரசு மருத்துவமனையிலே ஒரு காசும் கொடுக்கத் தேவையில்லை. அரசு ஊழியர் கையூட்டு வாங்குவது 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர், ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்குத் தண்டனை இல்லை. இந்த ஏழு நாள் கணக்கைக் கிளைக்குக் கிளை சொல்லிவைக்க வேண்டும்.

ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையைத்தான் பேசியவர்களாவோம். மருத்துவமனைகளின் துப்புரவு வேலையும் காவல் வேலையும் இன்று ஒப்பந்த நிறுவனங்களின் கையிலே இருக்கின்றன. அவற்றின் கீழே வேலை செய்பவர் யார்? நம் வீட்டுப் பெண்கள்; நம் தெருவின் ஆண்கள். அவர்களுக்கு நிரந்தரம் இல்லை. கைக்கு வரும் கூலி, கடைக்காரனின் கடன் நோட்டுக்கே போதாது. "சம்பளம் குறைவுதான், மேலே கிடைப்பதைப் பார்த்துக்கொள்" என்று ஒரு முதலாளி கண்ணைச் சிமிட்டினால், அவன் என்ன செய்கிறான்? தான் கொடுக்கவேண்டிய கூலியை, பெற்றெடுத்த தாயின் மடியிலிருந்து பறித்துக்கொள்ளச் சொல்லுகிறான். தொழிலாளியைத் தொழிலாளி மேலே ஏவிவிடுகிறான். கைநீட்டும் ஆயாவின் மேலே எல்லோருக்கும் கோபம் வருகிறது. கை நீட்ட வைத்தவனை யாரும் பார்ப்பதில்லை!

சிலிண்டரின் கணக்கு

வீட்டு வாசலிலே நடப்பதும் இதே கதைதான். சிலிண்டர் விலைக்குள்ளேயே விநியோகஸ்தருக்கான கழிவுத்தொகை அடங்கியிருக்கிறது. அந்தக் கழிவுத்தொகைக்குள்ளே, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் செலவும் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கிடங்கிலிருந்து நாமே எடுத்துவந்தால் அந்தப் பகுதியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதே இதற்குச் சான்று. அப்படியானால், ரசீதுக்கு மேலே கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், ஏற்கெனவே கொடுத்த கூலியை இரண்டாம் முறை கொடுப்பதாகும். 2019-20ஆம் ஆண்டிலே இது சென்னை உயர்நீதிமன்றம் வரை பொதுநல வழக்காகப் போயிற்று. ரசீதில் கண்ட தொகையை மட்டும் கொடுத்தால் போதும் என்பதே எண்ணெய்க் கம்பெனிகள் சொல்லும் விதி.

விதி சரி. ஆனால் மூன்றாவது மாடிக்குத் தோளிலே சிலிண்டரைச் சுமந்து வருகிற அந்த மனிதரைப் பாருங்கள். உள்ளேயிருக்கும் வாயு 14.2 கிலோ; இரும்புக் கூடோடு சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. நாம் விலையோடு சேர்த்துக் கொடுத்த அந்தக் கொண்டுசேர்க்கும் செலவு, அவர் கைக்கு முழுதாகப் போகிறதா? அவருக்கு மாதச் சம்பளம் உண்டா, சேமநிதி உண்டா, முதுகு முறிந்தால் மருத்துவம் உண்டா? ஏஜென்சியின் மேசை முன்னே நின்று கேட்கவேண்டிய கேள்விகள் இவை. அங்கே கேட்க அஞ்சி, வாசலிலே அவரோடு பத்து ரூபாய்க்குச் சண்டையிடுவது வீரமாகாது.

மேசையிலே விட்ட காசு

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையிலே, திண்டிவனம் தாண்டி விக்கிரவாண்டி, விழுப்புரம் வரையிலே, இரவும் பகலும் விளக்கெரியும் உணவு விடுதிகள் எத்தனை! நள்ளிரவிலே பேருந்து வந்து நின்றதும் ஓடிவந்து மேசை துடைக்கும் சிப்பந்திகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு மேசையிலே விடும் பத்து ரூபாயை நாம் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து ரூபாயின் தன்மை என்ன என்பதைச் சிப்பந்தித் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

2016 ஏப்ரலிலே உச்சநீதிமன்றம் ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமான வரி வழக்கிலே ஒரு தீர்ப்புச் சொல்லிற்று: வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ், முதலாளி கொடுக்கும் சம்பளம் ஆகாது. வரிக்காகச் சொல்லப்பட்ட தீர்ப்புத்தான். என்றாலும் தொழிலாளிக்கு அதிலே ஒரு பாடம் இருக்கிறது. சம்பளம் அல்லாத காசுக்குச் சேமநிதி இல்லை, பணிக்கொடை இல்லை. இருபது ஆண்டு இனாம் வாங்கியவர், இருபத்தோராம் ஆண்டிலே கால் ஓய்ந்து வீட்டிலே உட்கார்ந்தால், அவருக்கு அந்த இனாம் ஒரு வேளைக் கஞ்சி ஊற்றாது. கூலி என்றால் நாளைக்கும் நிற்கும். இனாம் இன்றோடு போயிற்று.

முதலாளிமார் இன்னொரு வித்தையும் செய்கிறார்கள். பெரிய ஓட்டல்களிலே பில்லிலேயே "சேவைக் கட்டணம்" என்று சேர்த்துவிடுகிறார்கள். அப்படிக் கட்டாயமாக வாங்கக்கூடாது என்று 2022 ஜூலையிலே நுகர்வோர் ஆணையம் நெறிமுறை வகுத்தது. 2025 மார்ச் 28 அன்று டில்லி உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆகவே தோழர்களே, அந்த வரியை அடிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிப்பந்தியின் பெயரைச் சொல்லிக் கல்லாப்பெட்டிக்குப் போகும் காசைவிட, சிப்பந்தியின் கையிலே நேராகக் கொடுக்கும் காசே மேல். இங்கிலாந்திலே 2024 அக்டோபர் முதல், டிப்ஸ் முழுவதும் தொழிலாளிக்கே போகவேண்டும், முதலாளி ஒரு காசும் பிடிக்கக்கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கே அப்படி ஒரு சட்டம் ஏன் கூடாது?

இனாம் உரிமையான வரலாறு

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பவர்களுக்கு இரண்டு வரலாறுகளைச் சொல்லுகிறோம்.

அமெரிக்காவிலே புல்மன் கம்பெனியின் படுக்கை வசதி ரயில்பெட்டிகளிலே, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை ஏவலாட்களாக வைத்தார்கள். சம்பளம் அற்பம்; "பயணிகள் கொடுப்பதை வைத்துப் பிழைத்துக்கொள்" என்றார்கள். பயணிகளோ அவர்களுடைய சொந்தப் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கம்பெனி முதலாளியின் பெயராலே எல்லோரையும் "ஜார்ஜ்" என்றே அழைத்தார்கள். முதலாளியின் பெயரைச் சுமந்துகொண்டு, பயணியின் இனாமை நம்பி வாழ்ந்தார்கள். 1925ஆம் ஆண்டிலே பிலிப் ராண்டால்ஃப் தலைமையிலே சங்கம் கண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டம்! 1937ஆம் ஆண்டிலே கம்பெனி பணிந்து ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டது. இனாமை நம்பியவர்கள் சங்கத்தை நம்பத் தொடங்கியதும் கூலி வந்தது, மரியாதையும் வந்தது.

நம் நாட்டிலேயே போனசின் கதையைப் பாருங்கள். முதல் உலகப் போர்க் காலத்திலே ஆலை முதலாளிகள் அதை இனாமாகத்தான் கொடுத்தார்கள். இலாபம் குறைந்ததும் நிறுத்தினார்கள். 1924ஆம் ஆண்டிலே பம்பாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கேட்டபோது, "உங்களுக்கு அதிலே உரிமை கிடையாது" என்று விசாரணைக் குழு கைவிரித்தது. தொழிலாளர்கள் விடவில்லை. 1950ஆம் ஆண்டிலே தீர்ப்பாயம் போனசுக்கு ஒரு கணக்கு வகுத்தது. 1965ஆம் ஆண்டிலே அது சட்டமாயிற்று. இன்று குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பது உரிமை. நேற்று கும்பிட்டு வாங்கிய தீபாவளி இனாமை, இன்று கணக்குக் கேட்டு வாங்குகிறோம்!

என்ன செய்வது?

ஆகவே நாள்தோறும் எழும் கேள்விக்கு விடை கூறுகிறோம். மருத்துவமனையிலும், அரசு அலுவலகத்திலும், ரேஷன் கடையிலும் ஒரு காசும் வேண்டாம். அங்கே நாம் பெறுவது உரிமை. சிலிண்டருக்கு ரசீதுத் தொகை. மாடி ஏறி வந்தவருக்கு, மனமிருந்தால் இருபதோ முப்பதோ, நீங்களாகக் கொடுங்கள். ஓட்டலிலே ஐந்தோ பத்தோ, அதுவும் உங்கள் கூலிக்கு ஏற்ப. வசதியில்லாதவர் வெறுங்கையோடு எழுவதிலே வெட்கம் இல்லை. விழுப்புரம் சந்திப்பிலே சுமைதூக்கும் தோழருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சக்கரம் வைத்த பெட்டிகள் வந்தபின் சுமையும் குறைந்துவிட்டது. அவரிடம் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். அதுவே பெரிய இனாம். துப்புரவுத் தொழிலாளிக்குப் பழைய சோற்றையும் பழந்துணியையும் நீட்டாதீர்கள். அவர் நம் தெருவைக் காப்பவர், நம் வாசலில் நிற்கும் இரவலர் அல்லர். கொடுப்பதானால் உள்ளே அழைத்து, உட்காரவைத்து, பணமாகக் கொடுங்கள்.

வாங்கும் இடத்திலே இருக்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். கொடுக்க முடியாதவரிடம் முகம் சுளிக்காதீர்கள். அவரும் உங்களைப்போல் ஒரு கூலிக்காரர்தாம். நீங்கள் கைநீட்ட வேண்டிய திசை அதுவல்ல. சிலிண்டர் சுமப்பவரும், மேசை துடைப்பவரும், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரும் ஒன்றுகூடிச் சம்பளச் சீட்டு கேளுங்கள், சேமநிதிக் கணக்கு எண் கேளுங்கள், அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைக் கேளுங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திலே 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. பெயர் மாறினாலும், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது இன்றும் குற்றமே.

வாசலிலே நீட்டும் கை தாழ்ந்து நீட்டும் கை. சங்கத்திலே உயர்த்தும் கை நிமிர்ந்து உயர்த்தும் கை. கை ஒன்றுதான், எங்கே உயர்த்துவது என்பதைத் தொழிலாளத் தோழர்கள்தாம் முடிவு செய்யவேண்டும்.