கேட்கும் செவியும் ஒரு கொடையே



எழுத விழைவோர் நம் குடும்பங்களிலே பலர் உளர். கவிதை புனையும் கல்லூரி மாணவி, பணி ஓய்வுக்குப் பின் தம் இளமைக்கால நினைவுகளைக் குறித்து வைக்கும் பெரியவர், சமையலறை விளக்கொளியில் கதை எழுதும் தாய் என நாம் அடுக்கிக்கொண்டே போகலாம். எழுதியதைப் பெட்டிக்குள் மறைத்து வைத்து, பின்பொருநாள் கிழித்தெறிந்து விடுவோரும் இவர்களுள் உண்டு. ஆற்றல் இன்மையால் அன்று, கேட்பார் இன்மையால்!

கேட்பார் சிலர் கூடினால் என்ன விளையும்? இங்கிலாந்திலே, ஆக்ஸ்போர்டு நகரிலே நிகழ்ந்ததொன்றைக் காண்போம். 1930-களிலும் 1940-களிலும், அங்கே கல்லூரி ஆசிரியராயிருந்த சி. எஸ். லூயிஸ் என்பாரின் அறையில் வியாழன் இரவுகளில் நண்பர் சிலர் கூடுவர். 'இங்க்ளிங்ஸ்' என்பது அக்குழுவின் பெயர். பேராசிரியர்களோடு ஒரு மருத்துவரும், ஓய்வு பெற்ற படை அதிகாரி ஒருவரும் அதில் இருந்தனர். தலைவர் இல்லை, சந்தா இல்லை, விதிமுறையும் இல்லை. தேநீர் அருந்தியபின், படித்துக் காட்ட யாரிடமேனும் ஏதேனும் உண்டோ என்று லூயிஸ் வினவுவார். ஒருவர் வாசிப்பார், ஏனையோர் செவிமடுப்பர்.

அவ்வாறு வாசித்தவருள் ஒருவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். இளமையிலேயே பெற்றோரை இழந்து, பிரான்சிஸ் மார்கன் என்னும் கத்தோலிக்கக் குருவின் காப்பில் வளர்ந்தவர். 1937-இன் இறுதியில் அவர் தொடங்கிய பெருங்கதை, 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பொருள்படும் பெயருடையது. எழுதி முடிக்க ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இடையிலே பலமுறை பேனா நின்றுபோயிற்று. 1944-இல் லூயிஸ் வற்புறுத்தவே மீண்டும் எழுதலானார். புதிய அத்தியாயம் ஒன்றைக் கேட்டு லூயிஸ் கண்ணீர் விட்டார். நூல் 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. லூயிஸ் 1963-இல் இறந்தபின், தாம் அவருக்குப் பட்ட கடன் தீர்க்கவொண்ணாதது என டோல்கீன் எழுதினார். அது கருத்துக் கடன் அன்று, ஊக்கத்தின் கடன். நெடுங்காலம் தம் கதையைக் கேட்டவர் அவர் ஒருவரே என்பதும் அவர் கூற்று.

அங்கே வெறும் முகமன் நிலவியதாக எண்ணற்க. டோல்கீனின் கதை ஹ்யூகோ டைசன் என்ற நண்பருக்குப் பிடிக்கவேயில்லை; லூயிஸின் நார்னியாக் கதைகள் டோல்கீனுக்குப் பிடிக்கவில்லை. குறையைக் குறையென்றே கூறினர். புகழ்ச்சி வேறு, ஊக்கம் வேறு அன்றோ? புகழ்ச்சி எழுதியவரை இருந்த இடத்திலேயே இருத்திவிடும். ஊக்கமோ அடுத்த பக்கத்தை எழுதத் தூண்டும்.

இவ்வூக்கத்தின் அருமையைத் திருச்சபை தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. பர்னபா என்னும் பெயருக்கே ஊக்கமளிப்பவர் என்று திருத்தூதர் பணிகள் நூல் பொருள் கூறுகிறது. எருசலேமிலே சீடர் அனைவரும் சவுலைக் கண்டு அஞ்சியபோது, அவரைத் திருத்தூதரிடம் அழைத்துச் சென்றவர் பர்னபாவே. பின்னர், இடைவழியில் விட்டுச் சென்ற மாற்கைப் பவுல் ஏற்க மறுத்தபோதும், அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். முன்னவர் திருமுகங்களைத் தந்தார். பின்னவரே நற்செய்தியை எழுதியவர் என்பது மரபு. புதிய ஏற்பாட்டிலே பர்னபாவின் பெயரால் ஒரு நூலும் இல்லை. எனினும், அவரின்றி அப்பக்கங்களை எண்ண இயலுமோ?

நம் பங்குகளிலும் இத்தகைய சிறு கூட்டம் ஒன்று அமைதல் அரிதன்று. மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஐந்தாறு பேர், ஒரு வீட்டுத் திண்ணை போதும். வாசிப்பவரை இடைமறியாது கேட்போம். நன்றாயிருப்பதை முதலில் கூறுவோம். திருந்த வேண்டியதை அன்புடன் பின்னர் கூறுவோம். கேட்டதை வெளியே சென்று நகையாடாதிருப்போம். தன் சொல் பிறர் முகத்தில் மலர்வதைக் காண்பது எழுதுவோரின் மகிழ்ச்சி. பிறர் படைப்பு தம் கண்முன்னே வளர்வதைக் காண்பது கேட்போரின் மகிழ்ச்சி.

எழுதும் வரம் எல்லார்க்கும் இல்லை. கேட்கும் செவியை இறைவன் நம் அனைவர்க்கும் அருளியிருக்கிறார். இம்மாதம் நம் இல்லத்திலே யாரேனும் ஒரு தாளைக் கையிலேந்தித் தயங்கி நின்றால், "படி, கேட்கிறோம்" என்போமாக!