விமானத்தைப் படம்பிடிப்பவன் ஒற்றனா?

கடந்த வருடம் என் மகளின் மகனோடு வெளிநாட்டுப் பயணமொன்றை முடித்துக்கொண்டு திரும்புகையில், இடையில் விமானம் மாறுவதற்காக இறங்கிய ஒரு நிலையத்தில் நடந்த சம்பவத்தை எழுதவேண்டும் என்று நீண்ட நாட்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். எந்த நாடு, எந்த நிலையம் என்பது இங்கு முக்கியமல்ல. பையனுக்குப் பதினான்கு வயது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வரிசையாக நின்ற விமானங்களைப் பார்த்துக்கொண்டு வந்தவன் திடீரென ஓட்டமெடுத்தான். ஒரு விமானத்தின் வாலருகே எழுதப்பட்டிருந்த எழுத்துகளைச் சுட்டிக்காட்டி, "அப்பா, அதுதான்! வாப்பா போனது அதுலதான்!" என்றான். அவனுடைய வாப்பா டோஹாவில் தொழில் புரிகிறார். மூன்று மாதங்களுக்கு முன்னர் கட்டுநாயக்கவிலிருந்து அவரை ஏற்றிச்சென்ற அதே விமானம், அதே பதிவெண்ணுடன், எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

பையன் கையடக்கத் தொலைபேசியை எடுத்து நாலைந்து படங்கள் பிடித்தான். காவலர் ஒருவர் வந்தார். தொலைபேசியை வாங்கினார். படங்களை அழித்தார். அந்த நாலைந்தை மட்டுமல்ல, அன்று முழுவதும் எடுத்த படங்கள் யாவற்றையும் அழித்துவிட்டே திருப்பித் தந்தார். நாற்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் நான் சேர்த்துவைத்திருந்த ஆங்கிலமும் அடையாள அட்டையும் அவ்விடத்தில் செல்லுபடியாகவில்லை. எந்த விதியின் கீழ் என்று கேட்டேன். பதில் இல்லை.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்கு முதலில் கோபம் வந்தது காவலரின் மீதல்ல, பையனின் மீது. "சும்மா இரி மனே எண்டு எத்தின தரம் சொன்ன நான்" என்று அவனைத்தான் ஏசினேன். சோதனைச் சாவடிகளில் வளர்ந்த தலைமுறையின் புத்தி அது. யுத்த காலத்தில் அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில், என் கமராப் பை சாரத்துக்கும் துவாய்க்கும் அடியில்தான் கிடக்கும். தடுத்து நிறுத்துபவர் எந்தத் தரப்பைச் சேர்ந்தவராயினும் கமரா என்பது விளக்கம் சொல்லவேண்டிய பொருள். யுத்தம் 2009இல் முடிந்தது. ஆனால் அந்த ஏச்சு என் வாயில் இன்னும் தயாராக இருந்திருக்கிறது.

விமானங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வதும் படம்பிடிப்பதும் உலகெங்கும் இலட்சக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. நம்மவர்களில் பலருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். முத்திரை சேர்ப்பவனையும் நாணயம் சேர்ப்பவனையும் ஏற்றுக்கொள்ளும் நாம், விமானத்தின் எண்களைச் சேர்ப்பவனை மட்டும் ஏற இறங்கப் பார்க்கிறோம். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவெண் உண்டு. இலங்கையுடையது 4ஆர் என்று தொடங்கும், இந்தியாவுடையது வீ.ரி., கட்டாருடையது ஏ7, குவைத்தினுடையது 9கே. அந்த எண்ணைக் கொண்டு அது எப்போது கட்டப்பட்டது, யார் யாரிடம் கைமாறியது, எந்தப் பாலைவனத்தில் உடைக்கப்பட்டது என்று ஒரு விமானத்தின் சரித்திரம் முழுவதையும் சொல்லிவிடுவோர் இருக்கிறார்கள். இதன் வேர் இரண்டாம் உலக யுத்தத்தில் இருக்கிறது. பிரித்தானிய வானில் வருவது நண்பனா, பகைவனா என்று அடையாளம் காணும் வேலையில் அந்நாட்டு அரசு பொதுமக்களையே தொண்டர்களாக ஈடுபடுத்தியது. 1941இல் இதற்கென்றே ஒரு பத்திரிகையும் லண்டனில் வெளிவந்தது. அன்று பாதுகாப்புக்குத் துணையாக இருந்த அதே பழக்கம் பின்னர் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாகப் பார்க்கப்பட்டதுதான் வேடிக்கை.

2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் 12 பிரித்தானியரும் 2 ஒல்லாந்தரும் கைதுசெய்யப்பட்டார்கள். விமானக் கண்காட்சி பார்க்கப் போனவர்கள். குறிப்புப் புத்தகங்களில் எண்களை எழுதிவைத்திருந்தார்கள். ஐந்து வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். 2002 ஏப்ரலில் அவர்களைக் குற்றவாளிகள் என்று கண்ட நீதிமன்றம், எட்டுப் பேருக்கு உளவு பார்த்ததாகச் சொல்லி மூன்று வருடச் சிறைத்தண்டனை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் மேன்முறையீட்டில் அத்தனை பேரும் விடுதலையானார்கள். ஒரு மனிதன் எண்களை எதற்காக எழுதிவைக்கவேண்டும் என்பது அந்த அதிகாரிகளுக்கு விளங்கவேயில்லை. 2010இல் புதுடில்லியில் விமான நிலையத்துக்கு அருகிலிருந்த ஹோட்டலில் ஓடுபாதை தெரியும் அறையைக் கேட்டு வாங்கிய இரு பிரித்தானியருக்கும் அதே கதி. தொலைநோக்கி, கமரா, விமானிகளின் பேச்சைக் கேட்கும் வானொலிக் கருவி ஆகியவற்றைக் கண்டு பொலிஸார் வந்தார்கள். இரண்டு மாத அலைக்கழிப்பின் பின் அபராதத்துடன் விடுவிக்கப்பட்டார்கள். இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளிலேயே, 13ஆம் விதியாக, அனுமதியின்றிப் படமெடுப்பதற்குத் தடை எழுதப்பட்டிருந்தது. வெள்ளைக்காரன் எழுதிய விதி. எழுபது வருடங்களுக்குப் பின்னரும் அதன் நிழலில்தான் வெள்ளைக்காரன் இருவர் மாட்டிக்கொண்டார்கள்!

பாதுகாப்பு அதிகாரிகளின் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். இலங்கையன் ஒருவன் அப்படிச் சொல்லவும் முடியாது. 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்கவில் நின்ற எயார் லங்கா ட்ரைஸ்டார் விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். 1998 செப்டெம்பரில் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்தது, அதில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோரில் எவரும் மீளவில்லை. 2001 ஜூலை 24 அதிகாலையில் கட்டுநாயக்க எரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 2019 ஏப்ரலுக்குப் பின்னர், என் போன்ற பெயருடைய ஒருவன் பொது இடத்தில் கமராவை உயர்த்துவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கவேண்டியிருந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

ஆனால் கேள்வி வேறு. பயணிகள் காத்திருக்கும் மண்டபத்தின் கண்ணாடி வழியாக ஆயிரம் பேர் பார்க்கும் விமானத்தைப் படம்பிடித்தால் எந்த இரகசியம் வெளியாகிறது? 2006இல் சுவீடனில் இருவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஃப்ளைட்ராடார்24, இன்று வானில் பறக்கும் விமானத்தின் பதிவெண்ணையும் உயரத்தையும் வேகத்தையும் எவருடைய தொலைபேசிக்கும் கொண்டுவந்து கொடுக்கிறது. ஓடுபாதையின் அளவை வீட்டிலிருந்தபடியே செய்மதிப் படத்தில் அளந்துகொள்ளலாம். இந்நிலையில் ஒரு சிறுவனின் தொலைபேசியிலிருந்து நாலு படங்களை அழிப்பதால் எந்த விமானமும் பத்திரமாகிவிடுவதில்லை. கனடாவின் ஒட்டாவாவில் விமான ஆர்வலர்களைத் தொண்டர்களாகப் பதிந்து, வேலியோரம் வழமைக்கு மாறாக எதையாவது கண்டால் அறிவிக்கும்படி கேட்டிருக்கிறார்கள். நாள்தோறும் வேலியோரம் நிற்பவனுக்குத்தான் அங்கு புதிதாக வந்து நிற்பவன் யாரென்று தெரியும். நம்மூர்த் தெருமுனைக் கடைக்காரரிடம் விசாரித்தால் கிடைக்காத தகவலா?

படம்பிடித்தவர்களால் வெளிச்சத்துக்கு வந்த ஓர் அநீதியையும் இங்கு சொல்லவேண்டும். லெபனான் பூர்வீகம் கொண்ட ஜேர்மனியர் காலித் அல்-மஸ்ரி, 2003ஆம் ஆண்டின் கடைசி நாளில் மசிடோனிய எல்லையில் ஆள்மாறாட்டத்தில் பிடிக்கப்பட்டார். பெயர்தான் அவர் செய்த குற்றம். 2004 ஜனவரியில் அவரை அமெரிக்க உளவுத்துறை ஸ்கோப்பியேயிலிருந்து காபூலுக்குக் கொண்டுசென்று மாதக்கணக்கில் அடைத்துவைத்தது. அவர் வெளியே வந்து சொன்ன கதையை நம்ப ஆளில்லை. அவரைக் கொண்டுசென்ற போயிங் 737இன் பதிவெண் என்313பி. அந்த விமானம் அதே மாதத்தில் ஸ்பெயினின் பல்மா நிலையத்தில் நின்றபோது, விமானங்களைப் படம்பிடிக்கும் பழக்கமுள்ள உள்ளூர்வாசி ஒருவர் அதையும் மற்ற விமானங்களைப் போலவே படம்பிடித்து வைத்திருந்தார். 2012 டிசம்பர் 13ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அல்-மஸ்ரிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தில் பேசியவை பறப்புப் பதிவேடுகளும் சாட்சியங்களும்தான். ஆயினும் 'அப்படியொரு விமானம் இருந்தது' என்று உலகத்தின் கண்முன் காட்டியது, எந்த உள்நோக்கமும் இல்லாமல் வேலியோரம் நின்ற ஒரு மனிதரின் படம். இத்தனை வருடத் தொழிலில், நானும் என் சகாக்களும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யத் தவறிய வேலை அது.

இனி நம் பக்கம். கிழக்குக் கரையில் வானத்தைப் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. எயார் சிலோனின் டகோட்டா விமானங்கள் கல்லோயாவுக்கு வந்துபோன காலத்தில் நாங்கள் சிறுவர்கள். வயலில் நின்று அண்ணாந்து கைகாட்டுவோம், விமானியும் கைகாட்டினான் என்று ஒருவன் சத்தியம் செய்வான். 1958இல் திறக்கப்பட்ட மட்டக்களப்பு விமான நிலையம், 1983இல் விமானப்படையின் பொறுப்புக்குப் போய், 2018இல்தான் சிவில் விமானங்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி, கொழும்பிலிருந்து அம்பாறைக்கு வந்துகொண்டிருந்த ஹெலிகொப்டர் அரநாயக்க மலையில் வீழ்ந்து, அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் மறைந்தார். அந்தச் செய்தி வந்த நேரத்தில் எங்கள் ஊரில் எந்தக் கடை எந்த வரிசையில் மூடியது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பின்னர் நிவாரணத்தோடு வந்த ஹெலிகொப்டர்களின் சத்தத்தில் பிள்ளைகள் வீரிட்டழுதன; யுத்தம்தான் திரும்பிவிட்டது என்று பயந்து.

இவ்வளவு சரித்திரம் எங்கள் தலைக்கு மேலால் போயிருக்கிறது. என் அலுமாரியில் அதற்கு எத்தனை படங்கள் இருக்கின்றன என்று கேட்டால், கல்லோயா டகோட்டாவுக்கு ஒன்றுமில்லை, மட்டக்களப்புக்கு ஒன்றுமில்லை, நிவாரண ஹெலிகொப்டருக்கு மங்கலாக ஒன்று. பயத்தினால் எடுக்கவில்லை, சில நேரம் சோம்பலினால் எடுக்கவில்லை. உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்த அன்ரனோவ் 225 என்ற இராட்சத சரக்கு விமானம் 2018இல் நமது மத்தளையில் வந்திறங்கியது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தத்தின் தொடக்கத்திலேயே ஹொஸ்டமெல் தளத்தில் அது அழிந்தது. அது பறந்த நாட்களை இனிப் படங்களில்தான் பார்க்கவேண்டும். அன்று மத்தளையில் கமராவோடு நின்றவரைப் பார்த்து 'வேலையற்றவர்' என்று எண்ணியவர்களில் நானும் ஒருவன்.

கமராக்காரர்கள் எல்லோரும் நிரபராதிகள் என்றும் நான் வாதாடவில்லை. கரிபியன் தீவான சென்ற் மார்ட்டினின் மஹோ கடற்கரையில், தலைக்கு மேலால் விமானம் போவதைப் பார்க்கக் கூடுவோர் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுண்டு. 2017இல் இயந்திரக் காற்று தூக்கி வீசியதில் ஒரு பெண் இறந்தார். 2018 டிசம்பரில் லண்டன் கட்விக்கில் ட்ரோன் தென்பட்டதாக வந்த முறைப்பாடுகளால் ஆயிரக்கணக்கானோரின் பயணம் குலைந்தது. குடிவரவுக் கருமபீடத்தையும் சோதனை இயந்திரங்களையும் படம்பிடிக்கவேண்டிய தேவை எந்த ஆர்வலனுக்கும் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். வளைகுடாவுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போகும் நம் பெண்கள், கடவுச்சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அந்த முகங்களைக் கேட்காமல் எடுத்துப் பத்திரிகையில் போட்ட பாவம் எங்கள் தொழிலுக்கு உண்டு. விமானத்துக்கு மானமில்லை, மனிதருக்கு இருக்கிறது. தடை போடுவதானால் அங்கே போடுங்கள்.

கேட்பது பெரிய காரியமல்ல. எங்கே படமெடுக்கலாம், எங்கே கூடாது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதி மாட்டுங்கள். கமராவின் மேல் சிவப்புக் கோடு கீறிய ஒரு பலகை, தடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்வதில்லை. காவலரின் மனநிலைதான் அதைச் சொல்கிறது. அழிக்கவேண்டிய படமென்றால் விதியைச் சொல்லி, அந்தப் படத்தை மட்டும் அழிக்கட்டும். பார்வையாளர்கள் நிற்க ஓரிடம் ஒதுக்குங்கள். மான்செஸ்டரில் ஓடுபாதையோரம் ஒரு பூங்காவே அமைத்து, பழைய கொன்கோர்ட் விமானமொன்றையும் நிறுத்திவைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். ஹனேடாவில் மொட்டைமாடியிலேயே நின்று பார்க்கலாம். நமது நாட்டில் இதற்கு வாடிக்கையாளர்கள் இல்லையென்று யாரும் சொல்லிவிடமுடியாது. ஒரு பயணியை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் போகும் சமுதாயம் நம்முடையது. அக்கரைப்பற்றிலிருந்து இரவிரவாக அம்பாறை, மஹியங்கனை, கண்டி என்று மலையேறி இறங்கிக் கட்டுநாயக்கவுக்கு வந்து, வாசலில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, விமானம் மேலெழும்புவதைக்கூடக் காணாமல் அதே வேனில் திரும்புகிறோம். பிள்ளைக்கு வாப்பா எதில் போனார் என்று காட்ட ஒரு மாடமாவது வேண்டாமா?

என் பேரன் அன்று கட்டுநாயக்கவில் இறங்கும்வரை பேசவில்லை. வேனில் ஏறியதும் ஒரு கொப்பியை எடுத்து, அழிந்துபோன படத்திலிருந்த பதிவெண்ணை ஞாபகத்திலிருந்து எழுதினான். பக்கத்தில் திகதியும் நேரமும், நிலையத்தின் பெயரும். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏசியதற்கு மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் தலைமுறைக்கு இல்லை. வழியில் நிறுத்திய கடையில் அவனுக்கு ஒரு பிளேன்ரீயும் றோல்ஸும் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் அவனது வாப்பா விடுமுறையில் வருகிறார். எந்த விமானத்தில் வருகிறார் என்று பையனிடம் கேட்டேன். பறப்பு இலக்கம் தெரியுமாம். ஆனால் எந்த விமானத்தை அனுப்புவார்கள் என்பது கடைசி நேரத்தில்தான் உறுதியாகுமாம். அன்றிரவு அவன் உறங்கப்போவதில்லை.