பொழுது சாய்ந்த பிறகு கூடுவோம்

வேளாண் பயிற்சி என்றால் காலை 11 மணிக்குத்தான் தொடங்க வேண்டுமா? அந்த நேரத்தில் நீங்கள் களையெடுக்க ஆள் விட்டிருப்பீர்கள், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். வேலையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருப்பவர்கள்தான் பயிற்சிக்கு வர முடிகிறது. நான் பேசப்போன பல கூட்டங்களில் இதைக் கண்டிருக்கிறேன். கடலை வியாபாரி, எண்ணெய் ஆலைக்காரர், வங்கி மேலாளர், லாரி உரிமையாளர் ஆகியோருக்கும் அது தொழில் நேரம். விளைவு, ஒரே ஊரின் விளைச்சலை நம்பிப் பிழைப்பவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுவதே இல்லை.

இதனால் என்ன நட்டம்? நிலக்கடலையைப் பாருங்கள். வியாபாரி காயைக் காதருகே குலுக்கிப் பார்த்து விலையைக் குறைக்கிறார். ஏமாற்றுகிறார் என்று நமக்குக் கோபம் வருகிறது. அவர் பார்ப்பது ஈரப்பதத்தை. காய் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் பருப்பு கலகலக்கும். ஈரம் சுமார் 8 சதவீதத்துக்கு இறங்காவிட்டால் பூஞ்சாணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகும். பருப்பு நொறுங்காமல் இருக்க உடைப்பதற்கு முன் தண்ணீர் தெளிக்கும் பழக்கமும் இதற்கு வழிவிடுகிறது. நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நச்சு இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. வாங்குபவருக்கு இது தெரியும். விளைவிப்பவருக்கு, விலை குறைந்த பிறகுதான் தெரிகிறது.

அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே இருவரும் பேசியிருந்தால்? எவ்வளவு காயவைக்க வேண்டும், அதற்கு எவ்வளவு விலை கூடும் என்பது முடிவாகியிருக்கும். உலர்களம் இல்லை என்றால் கடன் வழியை அங்கேயே வங்கி மேலாளரிடம் கேட்கலாம். 2020இல் வந்த வேளாண் உட்கட்டமைப்பு நிதித் திட்டத்தில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

எனவே மாதம் ஒருநாள், மாலை 7 மணிக்கு, பள்ளிக்கூடத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கூடுங்கள். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், தேநீர் போதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் அதுவே அழைக்கட்டும்.

ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, கூட்டத்தில் மருந்தோ உரமோ விற்கக் கூடாது. அனுமதித்தால் அடுத்த மாதம் அது கடைக்காரரின் விளம்பரக் கூட்டமாகிவிடும். இரண்டாவது, வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அவர் முன்னால் வாய் திறக்கத் தயங்குவார். அதனால் ஒருவரை மட்டும் அழைக்காமல் வாங்குபவர்கள் இரண்டு மூன்று பேரை அழையுங்கள். மூன்றாவது, பெண்கள். காயைப் பறித்து, உலர்த்தி, உடைப்பது பெரும்பாலும் அவர்கள்தான். இரவு 7 மணி அவர்களுக்குச் சமையல் நேரம். நேரத்தை அவர்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள். 5 மணி என்றால் 5 மணிதான்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்கெனவே உங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பதை அறிவேன். மாலைக் கூட்டத்துக்கு ஈடாக மறுநாள் காலையில் உங்களுக்கு ஓய்வு தர வேண்டியது துறையின் கடமை. அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குச் சம்சாரிகளும் துணை நிற்க வேண்டும்.

காய் களத்துக்கு வந்த பிறகு பேசினால் அது பேரம். செடியில் இருக்கும்போதே பேசினால் அது திட்டம். அடுத்த கடலை அறுவடைக்கு முன் ஒரு கூட்டமாவது நடத்திப் பாருங்கள்.