விருந்தினரை முதலில் மார்க்கெட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்

கோடை விடுமுறையும் தசராவும் நெருங்கினால் மைசூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை கூடிவிடுகிறது. சேலம், ஈரோடு, தருமபுரி, சென்னை என்று பல ஊர்களிலிருந்தும் உறவினர்கள் வந்து இறங்குகிறார்கள். மூன்று நாள் தங்குகிறார்கள். அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, கண்ணம்பாடி அணை என்று சுற்றுகிறார்கள். நான்காம் நாள் கையில் ஒரு பெட்டி மைசூர் பாகுடன் ரயில் ஏறுகிறார்கள். ஏறும்போது அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஊர் நல்ல ஊர். சாப்பாடுதான் நமக்கு ஒத்து வரவில்லை. சாம்பாரில் வெல்லத்தைப் போட்டு விடுகிறார்கள்."

இந்தத் தீர்ப்பில் விருந்தினர் மீது குற்றமில்லை. தமிழ்நாட்டுச் சாப்பாடு கிடைக்கும் ஓட்டல் எது என்று தேடித் தேடி அவர்களை அழைத்துப் போகிறவர்கள் நம்மவர்களே. ஈரோட்டில் சாப்பிட்டதையே மைசூரிலும் சாப்பிடுவதற்கு ஒருவர் ஈரோட்டிலிருந்து ரயில் ஏறி வர வேண்டுமா? நம்மைப் பிழைக்க வைத்திருக்கும் ஊரை, நாமே அரைகுறையாகக் காட்டி அனுப்புவது நியாயமாகாது.

முதலில் மார்க்கெட்

எனவே உறவினர் வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர்களை தேவராஜ மார்க்கெட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். அரண்மனை எங்கும் போய்விடாது. அதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். ரயில் நிலையத்திலிருந்தும் நகரப் பஸ் நிலையத்திலிருந்தும் நடந்தே போகக் கூடிய தூரம்தான். தெற்கே 'சிக்க கடியார' என்று கன்னடத்தில் சொல்லும் சின்ன மணிக்கூண்டு. வடக்கே தன்வந்திரி சாலை. கிழக்கே சயாஜி ராவ் சாலை. தசரா ஊர்வலத்தில் அம்பாரி சுமந்த யானை நடந்து போவது இந்தச் சயாஜி ராவ் சாலை வழியாகத்தான். பக்கத்தில் உள்ள தேவராஜ அரசு சாலையோடு மார்க்கெட்டின் பெயரைப் பலர் குழப்பிக் கொள்கிறார்கள். சாலைக்குப் பெயர் தந்தவர் எழுபதுகளில் முதலமைச்சராக இருந்தவர். மார்க்கெட்டின் பெயர் பழைய உடையார் மன்னர் ஒருவருடையது.

கடலோர ஊர்களுக்குத் துறைமுகம் எதுவோ, மைசூருக்கு இந்த மார்க்கெட் அது. சுற்று வட்டாரம் முழுவதிலும் விளைவது இங்கே வந்து இறங்குகிறது. மண்டியா வெல்லம் ஒரு வரிசை, வாழைக் குலைகள் ஒரு வரிசை, குங்குமமும் மஞ்சளும் குவித்த தட்டுகள் ஒரு வரிசை, பூக்கடைகள் ஒரு வரிசை. காலையில் போனால் பூ வந்து இறங்குவதைப் பார்க்கலாம். மாலையில் போனால் கூட்டத்தின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

வாங்க வேண்டியவை மூன்று. முதலாவது மைசூர் மல்லிகை. 1942-ல் கவிஞர் கே. எஸ். நரசிம்மசுவாமி தம் கவிதைத் தொகுதிக்கு இந்தப் பூவின் பெயரையே வைத்தார் என்றால், கன்னட மக்கள் மனத்தில் அதற்குள்ள இடம் விளங்கும். இரண்டாவது இளந்தளிரான மைசூர் வெற்றிலை. வாயில் போட்டால் சக்கையாக நிற்காது. மூன்றாவது நஞ்சன்கூடு ரசபாளெ. இது வேறொன்றுமல்ல, நம் ரஸ்தாளியின் இனமே. நஞ்சன்கூடு வட்டாரத்து மண்ணில் விளையும்போது அதற்கென்று ஒரு மணம் வந்து விடுகிறது. இம்மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மூன்றுமே அருகி வருகின்றன. ரசபாளெயை வாடல் நோய் அழித்துத் தோட்டங்களைச் சுருக்கி விட்டது. மல்லிகையும் வெற்றிலையும் விளைந்த நிலங்களில் வீடுகள் எழும்பிவிட்டன. ஆகவே மார்க்கெட்டில் மைசூர் மல்லிகை என்ற பெயரில் வேறு ஊர்ப் பூவும், நஞ்சன்கூடு பழம் என்ற பெயரில் ஏலக்கிப் பழமும் கிடைக்கலாம். பழகிய கடையில் கேட்டு வாங்குவதே நல்லது. பழகிய கடை இல்லாவிட்டால், ஒவ்வொரு வாரமும் அங்கே வாங்கும் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாளைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாத கடை இல்லை.

இரண்டு விதி, பாதி மொழி

"மொழி தெரியாமல் மார்க்கெட்டுக்கு எப்படிப் போவது?" என்பார்கள் விருந்தினர். இரண்டு விதிகளைச் சொல்லிக் கொடுத்தால் போதும். தமிழில் 'ப' என்று தொடங்குவது கன்னடத்தில் பெரும்பாலும் 'ஹ' ஆகும். பால் ஹாலு; பூ ஹூவு; புளி ஹுளி. தமிழில் 'வ' என்று தொடங்குவது 'ப' ஆகும். வெல்லம் பெல்ல, வாழை பாளெ, வேண்டாம் என்பது பேட. முழம் என்பது மொள. பூவை அங்கும் முழம் போட்டுத்தான் விற்கிறார்கள். இவ்வளவு தெரிந்தால் மார்க்கெட்டில் பாதிப் பேச்சு புரிந்துவிடும். மீதிக்கு 'எஷ்டு?' என்று விலை கேட்கத் தெரிந்தால் போதும்.

பேரம் பேசுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணிக் கடையில் எழுதிப் போட்ட விலையை மறு பேச்சின்றிக் கொடுத்துவிட்டு, பூக்கார அஜ்ஜியிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடுவது நம்மவர் சிலரின் வழக்கம். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. 'சொல்ப கம்மி மாடி' என்றால் சிரித்துக்கொண்டே குறைப்பவர்களும் உண்டு. குறைக்காவிட்டால் முகம் சுளிக்காமல் வாங்குங்கள். படம் எடுப்பதானால் முதலில் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். குங்குமக் குவியலைப் படம் எடுத்துக்கொண்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களால் கடைக்காரருக்கு ஒரு பயனும் இல்லை.

வெல்லம் போட்ட சாம்பார்

இனி வயிற்றுக்கு வருவோம். சாம்பாரில் வெல்லம் போடுவது பிழை அல்ல. புளியையும் காரத்தையும் தணித்துச் சுவையைச் சமன் செய்ய ஒரு துண்டு வெல்லம் சேர்ப்பது இந்த நாட்டுச் சமையல் முறை. திருநெல்வேலிக் குழம்பும் கோயம்புத்தூர்க் குழம்பும் ஒன்றாகவா இருக்கின்றன? அந்த வேற்றுமையைப் பொறுக்கிற நாக்கு இதையும் பொறுக்கும். இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

காலை உணவுக்கு நஜர்பாத் பக்கம் மைலாரி தோசை. மொறுமொறு தோசையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது பஞ்சு போன்ற தோசை. மேலே வெண்ணெய் உருகும். உள்ளே உருளைக்கிழங்கு மசாலாவுக்குப் பதில் சாகு. ஒரே பெயரில் கடைகள் இருப்பதால் எது ஆதிக் கடை என்று ஊரில் ஒரு வாதம் உண்டு. அதில் நுழையாமல் சாப்பிட்டு வருவது உத்தமம். ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு மண்டி மொஹல்லாவில் ஹனுமந்து ஓட்டல் புலாவு இருக்கிறது.

சின்ன ஓட்டல்களில் 'சௌ சௌ பாத்' கேட்டால் ஒரே தட்டில் ஒரு பக்கம் காரமான உப்புமா, மறு பக்கம் கேசரி வரும். காபியை 'பை டூ' என்று கேட்டால் ஒரு காபியை இரண்டு கோப்பையில் ஊற்றித் தருவார்கள். மாதக் கடைசியில் குமாஸ்தாக்களுக்கு இதைவிட உதவியான ஏற்பாடு வேறில்லை. இதில் கௌரவக் குறைவு என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. விருந்தினரும் நினைக்க வேண்டாம். பெங்களூர் வழியாக ரயிலில் வருகிறவர்கள் வழியிலேயே மத்தூர் வடையை வாங்கிக் கடிக்கட்டும்.

மார்கழி, தை மாதங்களில் வருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மார்க்கெட் முழுவதும் அவரைக்காய் வந்து குவிந்திருக்கும். அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்யும் சாற்றுக்கு ஹிதுகித பேளெ சாறு என்று பெயர். சேலம், தருமபுரிக்காரர்களுக்கு இது பழகிய சாமான்தான்: நம் பிதுக்குப் பருப்பே அது. பிதுக்கு என்பது ஹிதுகு ஆகியிருக்கிறது. மேலே சொன்ன முதல் விதி இங்கும் பொருந்துகிறது. அதோடு ராகி முத்தெ என்னும் கேழ்வரகுக் களி. எல்லைக்கு இரு புறமும் உழவன் வீட்டு அடுப்பு ஒன்றாகவே எரிந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பாகு யாருடையது?

மைசூர் பாகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா கடலை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்து இதைச் செய்தார் என்பது இங்கே வழங்கும் வரலாறு. அவர் வழி வந்தவர்களின் 'குரு ஸ்வீட் மார்ட்' இன்றும் சயாஜி ராவ் சாலையில், மார்க்கெட்டை ஒட்டியே இருக்கிறது. நம் உறவினர்களுக்குப் பழக்கமானதோ கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பிரபலமான, வாயில் போட்டதும் கரையும் 'மைசூர்பா'. அதை நினைத்துக்கொண்டு இதைக் கடித்து, "இது கொஞ்சம் முரடாக இருக்கிறதே" என்பார்கள். கொதிக்கிற நெய்யை விட்டுக் கிளறும்போது பொரிந்து நுண்துளை விழுவதுதான் பழைய முறை. இரண்டும் நல்ல பண்டங்கள். ஒன்றின் தராசில் மற்றொன்றை நிறுக்க வேண்டாம்.

2019-ல் இந்தப் பாகுக்காக ஒரு சண்டையே நடந்தது நினைவிருக்கும். மைசூர் பாகுக்கான புவிசார் குறியீடு தமிழ்நாட்டுக்குக் கிடைத்துவிட்டதாக ஒருவர் விளையாட்டாகப் போட்ட செய்தி, உண்மை என்று பரவி, இரு மாநிலத்தாரும் இணையத்தில் மோதிக் கொண்டார்கள். இல்லாத குறியீட்டுக்காக நடந்த சண்டை அது. 2025-ல் ராஜஸ்தானத்து ஜெய்ப்பூரில் சில கடைக்காரர்கள் 'பாக்' என்ற சொல்லைப் பாகிஸ்தானத்தோடு சேர்த்துப் பார்த்து, 'மைசூர் ஸ்ரீ' என்று பெயரையே மாற்றினார்கள். பாக் என்றால் சர்க்கரைப் பாகு என்பது தமிழனுக்கும் கன்னடனுக்கும் சொல்லாமலே தெரியும். அந்த வகையில் இருவரும் ஒரு கட்சியே.

இவையெல்லாம் வேடிக்கைகள். வேடிக்கையல்லாத ஆண்டுகளும் உண்டு. காவிரி நீரை முன்னிட்டு 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் கர்நாடகத்தில் தமிழர்கள் பட்டது நமக்குத் தெரியும். அத்தகைய நாட்களில் நம் குடும்பங்களுக்குக் கை கொடுக்கக் கூடியவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர், கடன் எழுதி வைத்துக் காய்கறி கொடுப்பவர், தினமும் பால் ஊற்றுகிறவர். அவர்கள் மொழியில் நான்கு வார்த்தை பேசுவதும், அவர்கள் சமைத்ததை மதித்துச் சாப்பிடுவதும் உபசாரத்துக்காகச் செய்கிற காரியமல்ல. ஓர் ஊரில் வேரூன்றி வாழ்வதற்கு அதுவே வழி. அதை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கற்றுக் கொள்கிறார்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் நம்மிடமிருந்து கற்றுப் போகட்டும்.

இடிப்பதா, காப்பதா?

மார்க்கெட்டுக்கு இப்போதே போக வேண்டும் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கட்டடம் அது. அருகிலுள்ள லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012-ல் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016-ல் மார்க்கெட்டின் வடபகுதியும் சரிந்தது. இடித்துவிட்டு அதே தோற்றத்தில் கட்டலாம் என்பது அரசுத் தரப்பு. பழுது பார்த்துக் காக்கலாம் என்பது மரபுக் கட்டட ஆர்வலர்கள் தரப்பு. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. இடிப்பதற்கு எதிரான மனுக்களை 2023-ல் அது தள்ளுபடி செய்தது.

உயிருக்கு ஆபத்தான கூரையின் கீழ் யாரையும் உட்கார வைக்க முடியாது, அது சரி. ஆனால் சென்னைவாசிகளுக்கு மூர் மார்க்கெட் நினைவிருக்க வேண்டும். 1985-ல் அது எரிந்தது. கடைக்காரர்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள். ஆனால் பழைய வியாபாரம் திரும்ப வரவில்லை. ஒரு சந்தையை உண்டாக்குவது கட்டடம் மட்டுமல்ல. அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் கடைகளும், அவர்களைத் தேடி வரும் வாடிக்கையாளரும் சேர்ந்தே சந்தை. எனவே இடித்தாலும் காத்தாலும், இப்போது அங்கே பிழைக்கிற சிறு வியாபாரிகள் ஒருவர் விடாமல் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். இடையில் தொழில் நடத்த அருகிலேயே இடம் தர வேண்டும். வாடகை அவர்கள் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். பழைய முகப்பை அப்படியே எழுப்பிவிட்டு, பூக்கார அஜ்ஜியை வெளியே நிறுத்தினால் அது மரபைக் காத்ததாகாது.

இதில் நமக்கு என்ன குரல் என்று கேட்கலாம். இவ்வூரில் வரி கட்டுகிறவர்கள், வாக்களிக்கிறவர்கள், சாமான் வாங்குகிறவர்கள் என்ற முறையில் நமக்கும் குரல் உண்டு. வாக்குக் கேட்டு வருகிற மாநகராட்சி வேட்பாளரிடம் இதைக் கேட்கலாம். அதற்கு முன் செய்யக் கூடிய எளிய காரியம், வாரம் ஒரு முறையாவது அங்கே போய் வாங்குவது. கூட்டம் வருகிற சந்தையைக் கைவிட எந்த அரசுக்கும் தயக்கம் இருக்கும்.