ஆற்றில் தொலைத்த கண்

'ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது' என்னும் வழக்கோடு விருத்தாசலத்துக் கதையொன்று சேர்த்துச் சொல்லப்படுகிறது. திருமுதுகுன்றத்து இறைவன் அளித்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்ட சுந்தரர், அதைத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொண்டார். அவரே பின்னர் பார்வை இழந்து, ஒரு கண்ணைக் காஞ்சியிலும் மற்றதைத் திருவாரூரிலும் மீளப் பெற்றார். தொலைத்த இரண்டும் அவருக்குத் திரும்பின. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்றைய விருத்தாசலம் பீங்கான் நகரம். களிமண்ணும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் பொடியாகிப் பறக்கும் பட்டறைகளில் கண்ணில் தூசி விழுவது புதுமையன்று. புதுமை, அந்தக் கண்ணுக்குள் இப்போது காண்டாக்ட் லென்ஸும் இருக்கக்கூடும் என்பதே. லென்ஸுக்கு அடியில் சிக்கிய துகள் கருவிழியைக் கீறும்; கீறல், கிருமிக்குத் திறந்த வாசல்.

கருவிழிப் புண் தமிழகத்துக்கு அந்நியமான நோயன்று. 1993-இல் மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் என்ற அளவில் அது கண்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அமெரிக்காவின் மினசோட்டாப் பகுதியொன்றின் அளவைப்போல் அது ஏறத்தாழப் பத்து மடங்கு. 1994-இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆராயப்பட்ட 434 நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்குப் புண்ணுக்கு முன்பே கருவிழியில் அடிபட்டிருந்தது. காயத்தால் வரும் இந்தப் பழைய ஆபத்தின் மேல்தான் லென்ஸின் புதிய ஆபத்து வந்து அமர்கிறது.

கருவிழிக்கு இரத்த நாளங்கள் இல்லை. காற்றிலிருந்தே பெரும்பகுதி உயிர்வளியைப் பெறுகிறது. லென்ஸோடு உறங்கினால் அந்த வழியும் குறுகும். தண்ணீரில் வாழும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா, லென்ஸ் டப்பாவின் சுவரில் வழுவழுப்பான படலமாகப் படிந்து காத்திருக்கும். கண்ணில் இடம் பிடித்துவிட்டால் ஓரிரு நாட்களிலேயே கருவிழியை அரித்துவிட வல்லது.

'கண்ணாடி போதாதா, இது வீண் பகட்டு' என்போருடன் நாம் உடன்படவில்லை. 2008-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வின்படி, மென் லென்ஸைப் பகலில் மட்டும் அணிவோரில் ஆண்டுக்குப் பதினாயிரத்தில் 1.9 பேருக்கே இத்தொற்று. இரவிலும் அணிந்து உறங்குவோரில் 19.5. கிட்டப்பார்வை மிகுந்தவருக்கு லென்ஸ் ஆடம்பரமும் அன்று. குற்றம் பொருளில் இல்லை, அதைக் கையாளும் முறை சொல்லித்தரப்படாததில் இருக்கிறது.

சொல்ல வேண்டியவையும் சிலவே. கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுக. குழாய்த் தண்ணீர் லென்ஸிலும் டப்பாவிலும் படலாகாது. பழைய கரைசலின் மேல் புதியதை ஊற்றலாகாது. டப்பாவை மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றுக. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸை உடனே கழற்றிக் கண் மருத்துவரிடம் செல்க. மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கிப் போடுவது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

இத்தனையும் ஒரு தாளின் இரு பக்கங்களுக்குள் அடங்கும். லென்ஸை விற்கும் ஒவ்வொருவரும் அந்தத் தாளைத் தமிழில் தந்து, படித்துக் காட்டியும் அனுப்ப வேண்டும் என்பது நம் கோரிக்கை. பட்டறை முதலாளிகளிடம் இன்னொன்றும் கேட்போம்: வேலை நேரத்தில் லென்ஸுக்கு மாறாகக் கண்ணாடியும், அதன்மேல் தூசி புகாத காப்புக் கண்ணாடியும். சூளையில் கீறல் விழுந்த கோப்பையைக் கழித்துவிட்டு வேறொன்று வனையலாம். கருவிழிக்கு அப்படியொரு சூளை இல்லை.