பழங்கறிக்கு ஒரு பரிந்துரை

ஆங்கிலேயர் வீட்டுச் சமையலில் ‘பபிள் அன்ட் ஸ்குவீக்’ என்றொரு பண்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் எஞ்சிய உருளைக்கிழங்கையும் கோவாவையும் மறுநாள் ஒன்றாக மசித்து, தாச்சியிற் கொழுப்பு விட்டு, தட்டையாக அழுத்தி, அடி சிவந்து பொருக்குப் பிடிக்கும்வரை பொரித்தெடுப்பார்கள். தாச்சியில் அது எழுப்பும் கொதிப்பொலியும் கீச்சொலியுமே அதற்குப் பெயராயின. பெயரிலே பெருமை ஒன்றுமில்லை. ஆயினும் மிச்சத்திற் பிறந்தது என்பதற்காக எவரும் அதனை ஒளித்து வைத்து உண்பதில்லை.

தொடக்கத்தில் இது கிழங்குப் பண்டமுமன்று. 1806 ஆம் ஆண்டில் மரியா ரண்டல் அம்மையார் வெளியிட்ட சமையல் நூலிலே வறுத்த கோவாவின்மீது மாட்டிறைச்சித் துண்டுகளை வைக்கும்படியே சொல்லப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் இறைச்சி விலகிக் கிழங்கு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1940 இலிருந்து 1954 வரை அந்நாட்டில் நிலவிய பங்கீட்டு முறை அந்த மாற்றத்தை உறுதிப்படுத்தியது. இறைச்சிக்கு அளவு வைத்த அரசு, போர்க்காலத்திலே கிழங்குக்கு அளவு வைக்கவில்லை.

உடுவிலில் இருந்துகொண்டு இதனைப் பேசுவானேன் என்று வாசகர் கேட்கலாம். 1824 இல் இங்கே பெண்களுக்கு விடுதிப் பள்ளி அமைத்த பாதிரிமார் ஆங்கிலேயரல்லர், அமெரிக்கர்; ஆகையால் இப்பண்டம் அவ்வழியாக வந்தது என்று நான் வாதிக்கப் போவதில்லை. நமக்கு அது வந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையலில் மிஞ்சிய பூசணிக்காயும் கத்தரிக்காயும் பருப்பும் இரவிலே ஒரே சட்டியிற் சேர்ந்து, நீர் வற்றச் சுண்டி, சனிக்கிழமை காலையிற் பழஞ்சோற்றோடு குழையும்போது வரும் சுவையை அறியாத யாழ்ப்பாணத்தவர் உளரோ? சுற்றியிருக்கும் பிள்ளைகளின் உள்ளங்கையிற் பாட்டி உருட்டி வைக்கும் குழையற் கவளத்துக்கு எந்தப் புத்தம்புதுக் கறியும் ஈடாகாது என்று சொல்லுவோர் பலர்.

அப்படிப் போற்றுவோரும் விருந்தினர் வந்தவுடன் அந்தச் சட்டியை மூடி வைக்கிறார்களே, அது ஏன்? வறுமை வெளிப்பட்டுவிடும் என்னும் அச்சம் என்பார்கள். எனக்கு அக்காரணம் போதியதாகத் தோன்றவில்லை. பழையது நமது ஊரிலே வெறும் உணவாக இருந்ததில்லை. அது ஒருவருடைய நிலையை அளக்கும் கோலாகவும் இருந்தது. எல்லோரும் உண்டெழுந்தபின் சட்டியை வழித்து உண்டவள் வீட்டுப் பெண். தோட்டத்திலே துலா மிதித்து நீர் இறைத்தவனுக்கு, சாதியாலே தாழ்த்தப்பட்டவன் என்பதற்காக, கொல்லைப்புறத்திலே புறம்பான ஏனத்தில் இடப்பட்டதும் அதே பழையதுதான். உண்பவரைத் தாழ்வாக எண்ணிய மனம் உணவையும் தாழ்வாக எண்ணியது. ஆங்கிலேயரிடமும் ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை. எனினும் ஞாயிற்றுக்கிழமை விருந்துண்ட அதே குடும்பம் மறுநாள் அதே மேசையிலே மிச்சத்தையும் உண்டது. நான் பொறாமைப்படுவது அந்த மேசையைக் கண்டுதான். கிழங்கு நம்மிடமும் உண்டு.

பஞ்சம் வந்தபோதெல்லாம் பழங்கறியின் மதிப்பு ஏறியிருக்கிறது. 1942 இல் பர்மா யப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்துக் குறைந்தபோதும், 1990 இன் பின் குடாநாட்டில் மின்சாரம் நின்று மண்ணெண்ணெயும் அருமையானபோதும் மிச்சத்தை எறிந்த வீடு ஏது? நிலைமை சீரானவுடன் பழைய நாணமும் திரும்பி வந்துவிட்டது. இன்று கலியாண மண்டபங்களின் பின்புறத்திலே குழி வெட்டிக் கொட்டப்படும் சோற்றையும் கறியையும் காண்போர்க்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பழையது உடம்புக்கு ஆகாது என்னும் மறுப்பில் உண்மையுண்டு. குளிர்நாட்டார் கறியை ஓரிரவு வெளியே வைத்தாற் கெடாதிருக்கலாம். நமது வெக்கையிலே தேங்காய்ப்பால் விட்ட கறி மாலைக்குள்ளே புளித்துவிடும். ஆகவே எல்லா மிச்சத்தையும் காப்பாற்றிவிட முயல்வது பேதைமை. பாற்கறியையும் சொதியையும் அன்றன்றே முடித்துவிடுக. தேங்காய்ப்பூச் சேர்ந்த வறையும் நெடுநேரம் வெளியில் நில்லாது. ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். பெட்டியில்லாத வீட்டார் தேங்காய்ப்பூப் போடுமுன்பே மறுவேளைக்கு வேண்டியதை எடுத்து, இரவிலே மீளவும் நன்றாகச் சூடாக்கி வைக்கலாம்.

செம்மண் தோட்டங்களிலே கிழங்கு கிண்டும் மாசி, பங்குனி மாதங்களிலே மருதனார்மடம் சந்தையில் உருளைக்கிழங்கும் கோவாவும் அருகருகே குவிந்து கிடக்கும். அக்காலத்தில் ஒருமுறை செய்து பார்க்கலாம். மிஞ்சிய கோவா வறை ஒரு பங்கு, அவித்த கிழங்கு இரண்டு பங்கு; கிழங்கு குறைந்தால் அடை உடைந்துபோகும். சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் அரிந்து சேர்த்துப் பிசைந்து, நல்லெண்ணெய் காய்ந்தபின் தாச்சியிற் பரப்பி, தட்டகப்பையால் அழுத்திவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிளறுவோருக்குப் பொருக்குக் கிடையாது. ஓரம் சிவந்தவுடன் திருப்பிப் போட்டு, மறுபக்கமும் சிவந்தபின் சமைத்தவளையும் உட்காரச் சொல்லி, அவளுக்கும் ஒரு கோப்பை வைத்துச் சரிபங்காக வெட்டிப் பரிமாறுக.